உள்ளாட்சிகளும் சமூக ஊடகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் வேலை பார்ப்பவர்களும் கவுன்சிலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பொதுமக்கள் பக்கத்திலிருந்து வரும் சில கேள்விகளும் இருக்கின்றன.

எங்கள் பேரூராட்சிக்கு முகநூல், எக்ஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் கணக்கு வேண்டுமா?

வேண்டாம். ஒன்றைத் தொடங்கி அதில் ஒழுங்காகப் பதில் சொன்னால் போதும். சின்ன ஊர்களில் மக்கள் இருப்பது வாட்ஸாப்பில்தான், அடுத்தபடியாக முகநூலில். எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளம் சென்னை, கோவை போன்ற பெரிய நகரங்களில் நன்றாக வேலை செய்கிறது. அங்கே பத்திரிகைக்காரர்களும் உயர் அதிகாரிகளும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பதினைந்து வார்டு கொண்ட பேரூராட்சியில் அதற்கு ஆள் சேராது.

பதில் சொல்ல ஆள் இல்லாத பக்கத்தைத் தொடங்காமலே இருப்பது நல்லது. சாக்கடை அடைத்திருக்கிறது என்று ஒருவர் அங்கே எழுதிவிட்டால், அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டது என்று நம்பி நேரில் வராமல் இருந்துவிடுவார். பதினைந்து நாள் கழித்து வந்து கேட்டால், அந்தப் பக்கத்தை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்பது தெரியவரும். அதன்பிறகு அந்த அலுவலகம் எதைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

வாட்ஸாப் என்றால் குழுவா, சேனலா?

அறிவிப்புக்குச் சேனல். 2023 செப்டம்பரில் இந்தியாவில் இந்த வசதி வந்தது. பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது, எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. சேர்ந்தவர் எல்லோருடைய கைப்பேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். வார்டு குழுவில் சேர்ந்த பெண்களுக்கு முகம் தெரியாதவர்களிடமிருந்து ‘குட்மார்னிங்’ வரத் தொடங்கினால், ஒரு வாரத்தில் அவர்கள் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள். தண்ணீர் வரும் நேரத்தை அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர்களோ அவர்கள்தான்.

புகார் சொல்லத் தனியாக ஒரு வாட்ஸாப் எண் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பையும் புகாரையும் ஒரே குழுவில் கலந்தால் இரண்டும் காணாமல் போகும்.

என்ன பதிவிடுவது? எங்கள் பக்கத்தை யாருமே பார்ப்பதில்லை.

கடைசியாக நீங்கள் போட்ட இருபது பதிவுகளை எடுத்துப் பாருங்கள். அடிக்கல் நாட்டியது, சால்வை போர்த்தியது, ஆய்வுக் கூட்டத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது என்று இருந்தால் மக்கள் வராததில் வியப்பில்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும், குப்பை வண்டி ஏன் இன்று வரவில்லை, சொத்து வரி எங்கே கட்டுவது, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் முகாம் எந்தத் தெருவில் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

எழுதும் விதமும் முக்கியம். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில பகுதிகளில் குடிநீர் விநியோகம் தடைபடும் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அதே செய்தியை இப்படிச் சொல்லலாம்:

‘நாளை வியாழக்கிழமை 7, 8, 9 வார்டுகளுக்குத் தண்ணீர் வராது. பெருமாள் கோவில் தெரு மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறோம். வெள்ளி காலை 6 மணிக்கு 7-வது வார்டிலிருந்து தண்ணீர் விடத் தொடங்குவோம். நாளை காலை 8 மணிக்குப் பள்ளிக்கூட முனையில் லாரி நிற்கும்.’

எந்த வார்டு, என்ன ஆச்சு, எப்போது சரியாகும், அதுவரை என்ன வழி என்ற நான்கும் இதில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மோட்டார் வந்து சேரவில்லை என்றால் அதையும் வெள்ளி காலை 6 மணிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாமதத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். குடத்தோடு காத்திருந்து ஏமாந்ததை மறக்கமாட்டார்கள்.

புகார்களை எப்படிக் கையாள்வது?

இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான்.

பெரிய அமைப்புக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டுகள். 1913 என்ற உதவி எண், ‘நம்ம சென்னை’ செயலி, எக்ஸ் கணக்கு என்று பல வாசல்கள். எந்த வாசலில் வந்தாலும் புகார் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும், ஓர் எண் கிடைக்க வேண்டும். சின்ன ஊருக்கும் இதே விதிதான். மென்பொருள் இல்லையென்றால் ஒரு நீளமான நோட்டுப் போதும்: தேதி, தெரு, என்ன பிரச்சினை, யாரிடம் கொடுத்தோம், எப்போது முடிந்தது.

பதில் மூன்று முறை போக வேண்டும். முதலில், பார்த்துவிட்டோம் என்று. இரண்டாவது, யாரிடம் கொடுத்திருக்கிறோம், என்றைக்குள் முடியும் என்று. மூன்றாவது, முடிந்த பிறகு எடுத்த படத்தோடு. பல இடங்களில் முதல் பதில் உடனே வந்துவிடுகிறது. ‘சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னும் மோசம், வேலை நடக்காமலே ‘முடிக்கப்பட்டது’ என்று புகாரை மூடிவிடுவது. அப்படி மூடப்பட்ட ஒரு புகாரை மக்கள் பார்த்தால், நீங்கள் உண்மையிலேயே சரிசெய்த பத்தையும் நம்பமாட்டார்கள். முடிந்ததா என்று சொல்லும் உரிமை புகார் கொடுத்தவருக்கு இருக்க வேண்டும்.

ஸ்பெயினில் கிரனாடா அருகே ஹுன் என்ற சிற்றூர். சுமார் 3,500 பேர். ஊர்த் தலைவராக இருந்த ஹோசே அந்தோனியோ ரோத்ரிகெஸ் சாலஸ், ஊராட்சி ஊழியர்கள் எல்லோரையும் ட்விட்டரில் கணக்குத் தொடங்க வைத்தார். தெரு கூட்டும் பணியாளர் உட்பட. விளக்கு எரியவில்லை என்று ஒருவர் தலைவருக்கு எழுதுவார். தலைவர் மின்பணியாளரை டேக் செய்து பதில் போடுவார். வேலை முடிந்ததும் மின்பணியாளரே படம் போடுவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இந்த ஊரைப் பற்றி ஆய்வு செய்தார்கள். எனக்கு இதில் பிடித்தது வேகம் மட்டுமல்ல. விளக்கை மாட்டியவருக்கு ஊர் நேரடியாக நன்றி சொன்னது. நம் ஊரில் கம்பத்தில் ஏறுபவர், சாக்கடையில் இறங்கி வேலை பார்ப்பவர் பெயர் எந்தப் பதிவிலும் வருவதில்லை. படத்தில் நிற்பது எப்போதும் பக்கத்தில் நின்று பார்வையிட்டவர்தான். இதை நாளைக்கே மாற்றலாம், பத்துப் பைசா செலவில்லை. ஆனால் அந்தப் பணியாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

புகார் எங்கள் துறையே இல்லை என்றால்?

அடிக்கடி வரும். சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, மின்கம்பி மின்வாரியத்துடையது, சென்னையில் கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம். வீட்டு வாசலில் நிற்பவருக்கு இந்த எல்லைகள் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. ‘எங்கள் வரம்பில் வராது’ என்று முடிக்காமல், யாருடையது, எந்த எண்ணில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் நீங்களே அனுப்பிவிட்டு, அனுப்பியதைச் சொல்லுங்கள். மாநில அரசின் 1100 உதவி எண்ணையும் குறிப்பிடலாம்.

கமெண்டில் கண்டபடி திட்டுகிறார்கள். கமெண்டை மூடிவிடலாமா, பிளாக் செய்யலாமா?

கோபமாக எழுதுவது வேறு, ஆபாசமாகவோ சாதியைச் சொல்லியோ எழுதுவது வேறு. இரண்டாவதை நீக்கலாம், சட்டப்படி நடவடிக்கையும் எடுக்கலாம். முதலாவதைத் தொடக்கூடாது. ‘வரி மட்டும் கரெக்டா வாங்குறீங்க, ரோடு எங்கே?’ என்பது வசவு இல்லை, கேள்வி.

எரிச்சலூட்டும் பதிவுக்காக வழக்குப் போட முன்பு பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. பேச்சுரிமை அரசமைப்பின் 19-வது பிரிவில் இருக்கிறது. அரசு அலுவலகத்தின் பக்கத்திலிருந்து ஒருவரை நீக்குவது, குறைதீர் கூட்டத்துக்கு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

இதே சண்டை அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம்வரை போனது. மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரான் நகர நிர்வாகி தன் முகநூல் பக்கத்தில் குடும்பப் படங்களும் போட்டார், நகர நிர்வாகச் செய்திகளும் போட்டார். கொரோனா காலத்தில் குறை சொல்லி எழுதிய ஒருவரின் கமெண்டுகளை நீக்கி, ஆளையும் பிளாக் செய்தார். 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னது: அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அந்த அலுவலருக்கு உண்மையில் இருந்ததா? அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் பேசினாரா? நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் நம் கவுன்சிலர்கள் பலரும் செய்வது அதேதான்: பேரக்குழந்தையின் பிறந்தநாளும் வார்டு தண்ணீர் நேரமும் ஒரே பக்கத்தில். இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

எது நீக்கப்படும் என்ற விதியை நான்கு வரியில் எழுதிப் பக்கத்தின் மேலே பின் செய்து வைத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

மழை, வெள்ள நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எங்கே படகு இருக்கிறது, எந்த வீட்டு மாடியில் சமையல் நடக்கிறது, எந்தத் தெருவில் முதியவர் சிக்கியிருக்கிறார் என்பதையெல்லாம் ட்விட்டரிலும் முகநூலிலும் ஒருங்கிணைத்தவர்கள் தன்னார்வலர்கள். தண்ணீர் நின்ற தெருக்களை இணைய வரைபடத்தில் மக்களே குறித்தார்கள். அரசின் குரல் அங்கே மெலிந்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீர் அடையாற்றங்கரை வீடுகளில் புகுந்ததற்கு முன் தங்களுக்குச் சரியான எச்சரிக்கை வரவில்லை என்ற மனக்குறை அந்தப் பகுதிகளில் இன்னும் ஆறவில்லை.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் நீர்மட்டமும் வெளியேற்றும் கன அடியும் தினமும் செய்தியில் வருகின்றன. ஆனால் ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்பது ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் அம்மாவுக்கு என்ன சொல்கிறது? எந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் வரலாம், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், எந்தப் பள்ளியில் தங்கலாம், மாட்டைக் கொண்டுபோகலாமா என்று அவர் கேட்கிறார். ஏரி எண்ணைத் தெருப் பெயராக மாற்றிச் சொல்வது உள்ளாட்சியால்தான் முடியும், ஏனென்றால் போன மழையில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு நின்றது என்பது வார்டு ஊழியருக்குத் தெரியும். அக்டோபர் தொடங்கும்போதே வார்டு வாரியாக இந்தச் செய்திகளை எழுதித் தயாராக வையுங்கள்.

பெருமழையில் மின்சாரமும் கைப்பேசி சிக்னலும் முதலில் போகும். அதனால் முக்கியமானதை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள். பலவீனமான சிக்னலிலும் எழுத்து போய்ச் சேரும், நகலெடுத்துப் பிறருக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு செய்தியிலும் தேதியும் மணியும் இருக்கட்டும். நேற்றைய எச்சரிக்கை இன்று ஃபார்வர்டாகச் சுற்றும்போது இதன் அருமை தெரியும்.

வதந்திகளை எப்படிச் சமாளிப்பது?

‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவியது பொய், பண்ணையே மறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் சாலையில் முதலை கடக்கும் வீடியோ வந்தது, அது உண்மை. அப்போது சுற்றுச்சூழல் துறையின் உயர் அதிகாரியான சுப்ரியா சாஹு, சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, அவை கூச்ச சுபாவம் கொண்டவை, பதற வேண்டாம் என்று எக்ஸில் விளக்கினார். முதலில் விசாரியுங்கள், பிறகு குறிப்பாகப் பதில் சொல்லுங்கள்.

பக்கத்தை யார் பார்த்துக்கொள்வது? தனியாக ஆள் போட வசதியில்லை.

இளநிலை உதவியாளர் ஒருவர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. அவருக்கு ஓவர்சியரையும் டேங்க் ஆபரேட்டரையும் சுகாதார ஆய்வாளரையும் நேரடியாகப் போனில் கேட்கும் உரிமை வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் பதில் மூன்று நாள் கழித்துத்தான் வரும்.

தலைவர் மாறினால் பக்கம் என்ன ஆகும்?

இதை முன்கூட்டி யோசிக்காததால் நிறைய ஊர்களில் இழப்பு. 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரின் சொந்த எண்ணில் ஓடிக்கொண்டிருந்த வாட்ஸாப் குழு அவரோடு போய்விட்டால் ஐந்து வருடம் சேர்த்த தொடர்பு அத்தனையும் போச்சு. கணக்கை ஊராட்சியின் மின்னஞ்சலில், ஊராட்சி வாங்கிய சிம்மில் தொடங்குங்கள். பெயரில் ஆள் பெயர் வேண்டாம். கடவுச்சொல் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிகளோடு சேர்ந்து வர வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் தலைவர்களின் படங்களையும் சாதனைப் பதிவுகளையும் எடுத்துவிடுங்கள். குடிநீர், கொசு மருந்து அறிவிப்புகள் வழக்கம்போலப் போகட்டும்.

ஆன்லைனிலேயே கருத்துக் கேட்டுவிட்டால் கிராமசபை எதற்கு?

கிராமசபையின் தீர்மானத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஐநூறு லைக்குக்கு இல்லை. ஆண்டுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள். நகரங்களில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கு 2022-ல் விதிகள் வந்தன. வாட்ஸாப் செய்ய வேண்டியது இந்தக் கூட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது. கூட்டப் பொருளை முன்கூட்டியே போடுங்கள். போன வருட வரவு செலவுத் தாளைப் படமெடுத்துப் போடுங்கள். என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று வாங்கி, அதைக் கூட்டத்தில் வாசியுங்கள். முடிந்ததும் நிறைவேறிய தீர்மானங்களை எண்ணோடு வெளியிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அவை என்ன ஆயின என்றும் எழுதுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யும் ஊராட்சிகள் மிகக் குறைவு. செய்யும் இடத்தில் கூட்டம் தானாகச் சேரும்.

தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும், அதுவும் உள்ளூர் மொழியில், எளிதாகக் கிடைக்கும்படி என்று சொல்கிறது. டெண்டர் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், வேலை முடிய வேண்டிய நாள் மூன்றையும் பதிவிட்டாலே ஆர்.டி.ஐ. மனுக்கள் குறையும்.

கைப்பேசி இல்லாதவர்கள்?

முன்பு தண்டோரா போட்டார்கள். அந்த வேலையில் சாதி இழிவு ஒட்டியிருந்ததால் 2022 ஆகஸ்டில் அதை நிறுத்தச் சொல்லி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும்படி தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அந்த ஒலிபெருக்கி வண்டியைக் கைவிடாதீர்கள். வாட்ஸாப்பில் போனது வண்டியிலும் போக வேண்டும், ரேஷன் கடைப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு நன்றாக உதவும். ஊர்ப் பேச்சில், தெரிந்த குரலில் இருந்தால் இன்னும் நல்லது.

பயனாளிகளின் படங்களைப் போடலாமா?

கேட்காமல் போடக்கூடாது. வீடு கட்ட உதவி வாங்கியவர், முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் ஆகியோரின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது அவர்களுக்கு மரியாதை இல்லை. ஆதார், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் உள்ள பட்டியலைப் படமெடுத்துக் குழுவில் போடும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே 2023-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. புகார் கொடுத்தவரின் பெயரையும் வெளியிட வேண்டாம், குறிப்பாக ஆக்கிரமிப்பு, குப்பை எரிப்பு பற்றிய புகார்களில். ‘யார் சொன்னது?’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் நிலை வந்தால், அந்தத் தெருவிலிருந்து அப்புறம் புகாரே வராது.

நன்றாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்தொடர்பவர் எண்ணிக்கையை விடுங்கள். மாதம் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, சராசரி எத்தனை நாள் ஆனது, எந்தத் தெரு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் நான்கு முறை அடைப்பு என்றால் அங்கே தூர்வாரினால் போதாது, குழாயை மாற்ற வேண்டும். அந்தத் தாளை மன்றக் கூட்டத்தில் வைத்தால் நிதி ஒதுக்கக் காரணம் கையிலேயே இருக்கும்.

பொதுமக்கள் எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

‘எங்க ஏரியால லைட் எரியல’ என்று எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வார்டு எண், தெரு, அருகில் உள்ள அடையாளம், எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைப் படமெடுத்து அனுப்புங்கள். ஒரு பதிவில் ஒரு பிரச்சினை மட்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் முடியவில்லை என்றால் அந்த எண்ணோடு அதே இடத்தில் மறுபடி எழுதுங்கள், அதன் பிறகும் நகரவில்லை என்றால் வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபையிலும் அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சரிசெய்துவிட்டால், எரிகிற விளக்கையும் ஒரு படமெடுத்து அங்கே போடுங்கள். கம்பத்தில் ஏறியவர் அதைப் பார்ப்பார்.